பெயர் வெட்டாத தம்ளர்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, சென்னையில் உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை பயிலும் எங்கள் மகள் விடுமுறைக்கு வந்து திண்ணையில் அமர்ந்திருந்தாள். இரவு உணவின்போது தன் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். வெளிர்நீலப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தன. அவற்றிடையே ஆங்காங்கே அடர்பழுப்பு நிறத்தில் சில புள்ளிகள். கண்ணாடிக் குடுவையில் அவள் வளர்த்த செல்களின் படமாம் அது.

"நீலமெல்லாம் சும்மா இருந்த செல்கள். பழுப்பு நிறத்தில் தெரிபவை, நான் கவனித்த இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிவதற்கு ஆயத்தம் செய்தவை" என்றாள்.

எது ஆயத்தம் செய்தது, எது செய்யவில்லை என்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம்.

"பொய் சொல்லித்தான் கண்டுபிடித்தோம், அப்பா" என்று சிரித்தாள்.

இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எங்களில் ஒருவர் மேனிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மற்றவர் தமிழ் கற்பித்தவர். படப்பையில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மகள் சொன்ன அந்தப் பொய் எங்களை அன்றிரவு உறங்க விடவில்லை. அதற்கான காரணம் எங்கள் சமையலறையில் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம். முதலில் அந்தப் பொய்யைப் பற்றி.

உயிரின் எழுத்து டி.என்.ஏ. என்பதையும், அதில் நான்கே எழுத்துகள் உண்டு என்பதையும் இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று ஒரு சர்க்கரை மூலக்கூறோடு இணைந்து நிற்கும்போது அதற்கு நியூக்ளியோசைடு என்று பெயர். தைமினும் சர்க்கரையும் சேர்ந்தால் தைமிடின். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். அப்போது அதற்குத் தைமிடின் ஏராளமாய்த் தேவைப்படும். பிரியாத செல்லுக்கு அவ்வளவு தேவையில்லை.

வேதியியலார் செய்த தந்திரம் இந்த இடத்தில்தான். தைமினின் ஓரத்தில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கரியணுவும் மூன்று நீரக அணுக்களும் கொண்டது. அதை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரே ஒரு புரோமின் அணுவை வைத்தார்கள். உருவளவில் புரோமின் அணு ஏறக்குறைய மெத்தில் தொகுதியை ஒத்தது. இப்படிச் செயற்கையாய் ஆக்கப்பட்ட பொருளுக்குப் புரோமோடியாக்ஸியூரிடின் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக 'பி.ஆர்.டி.யு.' என்பார்களாம். செல் இதைத் தைமிடின் என்றே நம்புகிறது; தயங்காமல் எடுத்துத் தன் புதிய டி.என்.ஏ.யில் கோத்துக்கொள்கிறது.

எங்களில் தமிழ் கற்பித்தவருக்கு இது உடனே விளங்கிவிட்டது. மாணவன் ஒருவன் 'அவன்' என்பதை 'அவந்' என்று எழுதிவிடுகிறான். வாய்விட்டுப் படித்தால் ஒலியில் வேறுபாடு இல்லை, பொருளும் கெடவில்லை, கேட்பவர் பிழையை அறியவே மாட்டார். விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் சிவப்பு மை மட்டுமே அதைக் கண்டுபிடிக்கும். செல் என்பது கேட்பவர். பிழை திருத்தும் மையாக வருவது ஓர் எதிர்ப்பொருள். புரோமின் உள்ள அந்தப் பொய்யெழுத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஹோவர்ட் கிராட்ஸ்னர் என்ற அறிஞர் 1982-இல் உருவாக்கி அறிவித்தார். அதனோடு ஒரு நிறமியை இணைத்துவிட்டால், பொய்யெழுத்தை ஏற்ற செல்கள் பழுப்பாகத் தெரியும். அதற்கு முன்பு கதிரியக்கம் கொண்ட தைமிடினைச் செலுத்திவிட்டு, ஒளிப்படத் தகட்டில் பதிவு தெரிய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மகள் ஓரிரு நாளில் முடித்துவிடுகிறாள். ஆனால் முறுக்கிக்கொண்ட டி.என்.ஏ.யை அமிலத்தால் சற்றே பிரித்துத் திறந்த பின்புதான் எதிர்ப்பொருள் உள்ளே நுழைய முடியுமாம். அமிலம் ஒரு துளி கூடிவிட்டால் இரண்டு நாள் உழைப்பும் பாழ். அவள் கையுறை இன்றி அந்தப் பொருளைத் தொடுவதில்லை. பொய்யெழுத்து நம் செல்களுக்குள்ளும் நுழையக் கூடியதல்லவா?

இப்பொருள் குடுவைகளிலும் எலிகளிலும் மட்டும் பயன்பட்டிருந்தால் நாங்கள் கேட்டு மறந்திருப்போம். மகள் மற்றொரு நிகழ்ச்சியையும் கூறினாள்.

1990-களில் ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில், நாக்கின் அடிப்பகுதியிலும் தொண்டையிலும் புற்றுநோய் கண்ட சிலருக்கு மருத்துவர்கள் இந்தப் பொருளைச் சிரை வழியே செலுத்தியிருந்தார்கள். கட்டியில் எத்தனை செல்கள் வேகமாய்ப் பெருகுகின்றன என்றறியவே அவ்வாறு செய்தார்கள். அங்கிருந்த நரம்பியல் மருத்துவர் பீட்டர் எரிக்சனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. செலுத்திய மருந்து கட்டிக்கு மட்டுமா போயிருக்கும்? குருதியோடு உடலெங்கும் சென்றிருக்கும், மூளைக்கும் சென்றிருக்கும். மூளையில் அந்நாட்களில் ஏதேனும் ஒரு புதிய செல் பிறந்திருந்தால், அதில் இந்த அடையாளம் பதிந்திருக்குமே!

வளர்ந்த மனிதனின் மூளையில் புதிய நரம்புச் செல் பிறப்பதில்லை என்பது அக்காலத்தில் அசையாத கொள்கை. ஸ்பெயின் நாட்டு மேதை இராமோன் இ காஹாலின் காலத்திலிருந்தே அப்படித்தான் கற்பித்தார்கள். 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் புதுச் செல்களைக் கண்டு சொன்னபோது கேட்பாரில்லை. எங்கள் பள்ளிகளிலும், மூளைச் செல் போனால் போனதுதான் என்றே பாடம் நடந்தது.

அந்த நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். உரிய இசைவு பெற்று, ஐவருடைய மூளையிலிருந்து, நினைவுக்கு வாயிலான ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி ஆராயப்பட்டது. இறக்கும்போது அவர்களுக்கு வயது 57 முதல் 72 வரை. மருந்து செலுத்திய நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே சிலருக்குச் சில வாரங்கள், ஒருவருக்கு 781 நாட்கள். ஐவர் மூளையிலும் அடையாளம் தாங்கிய இளம் நரம்புச் செல்கள் இருந்தன. எரிக்சனும் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்து பிரெட் கேஜும் தம் குழுவினருடன் 1998 நவம்பரில் இதை வெளியிட்டார்கள். தொண்டையில் புற்று முற்றி, சாவை எதிர்நோக்கியிருந்த முதியவர்களின் தலைக்குள் அந்நாட்களிலும் புதிய செல்கள் பிறந்துகொண்டிருந்தன! இதைக் கேட்டதும் எங்களில் ஒருவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். உணவு அப்படியே இலையில் இருந்தது.

எல்லாம் முடிவாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2018-இல் ஓர் ஆய்வுக்குழு, வளர்ந்தோர் மூளையில் அத்தகைய செல் எதையும் காணோம் என்று எழுதியது; அடுத்த மாதமே மற்றொரு குழு, முதுமையிலும் ஆயிரக்கணக்கில் காண்கிறோம் என்று எழுதியது. அதற்கு முன் 2013-இல் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பிரிசேன் குழுவினர், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரியைக் கொண்டே கணக்கிட்டு, ஹிப்போகேம்பஸ் ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 செல்கள் பிறக்கின்றன என்றார்கள். எரிக்சனின் ஆய்வை அதே முறையில் திரும்பச் செய்து பார்க்க எளிதில் வழியில்லை. இப்பொருள் மரபுப் பொருளுக்குத் தீங்கு செய்யக் கூடியது என்பதால், மனிதர்க்கு அவ்வாறு செலுத்தும் வழக்கம் நின்றுவிட்டது. ஆகவே அந்த ஐவரின் சாட்சி இன்றளவும் தனித்தே நிற்கிறது.

இங்கேதான் எங்களில் வேதியியல் கற்பித்தவர் ஒரு கேள்வி கேட்டார். புரோமினுக்குப் பதில் அயோடின் வைத்தால் என்னாகும்?

"அதுவும் இருக்கிறதே! ஐடாக்ஸ்யூரிடின். கண்ணுக்கு விடும் மருந்து" என்றாள் மகள்.

1959-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃப் என்பவர் அதை ஆக்கினார். புற்றுநோய்க்கு உதவும் என்று தொடங்கிய முயற்சி. கடைசியில், கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையைப் பறிக்கும் ஹெர்பீஸ் நச்சுயிரிக்கு மருந்தாயிற்று. 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. நச்சுயிரிக்கு எதிரான மருந்து என்று மருத்துவ உலகம் முதன்முதலாக ஏற்றுக்கொண்டது அதைத்தான். அதே புருசாஃப் பின்னாளில் தாய்-ஷுன் லின் என்ற தம் தோழருடன், தைமிடினின் இன்னொரு போலி எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது என்று கண்டார். அதன் பெயர் ஸ்டாவுடின்.

ஸ்டாவுடின்! அப்பெயரைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பெயர் அச்சிட்ட மருந்துப் புட்டி எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடத்தில், அன்னை படத்துக்குக் கீழே, ஆண்டுக்கணக்கில் இருந்தது.

அந்த வீட்டுக்காரரை மேஸ்திரி என்றே அனைவரும் அழைத்தோம், அதுவே போதும். இதை எழுதப்போகிறோம் என்று சொன்னபோது, "எழுதுங்க சார், பேர் மட்டும் வேணாம். பையனுக்குப் பெண் பார்க்கணும்" என்றார். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த கொத்தனார். திருப்பெரும்புதூர்ச் சாலையிலும் ஒரகடத்துப் பக்கத்திலும் தொழிற்சாலைகள் எழத் தொடங்கிய காலத்தில் அவற்றின் சுற்றுச்சுவர்களைக் கட்டியவர்களுள் அவரும் ஒருவர். படப்பை என்ற சொல்லுக்குச் சங்கச் செய்யுட்களில் மனையைச் சார்ந்த தோட்டம் என்று பொருள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் ஓடும் சரக்குந்துகளிடம் அதை யார் போய்ச் சொல்வது? அந்தத் தோட்டங்கள் மனைகளாகவும் கொட்டகைகளாகவும் மாறியதில் மேஸ்திரியின் கைக்குப் பங்குண்டு. எங்கள் வீட்டுப் பின்கட்டும் அவர் கட்டியதே.

2003-இல் அவர் மனைவிக்கு விடாத காய்ச்சல். தாம்பரத்தில் சோதித்தபோது இருவருக்கும் எச்.ஐ.வி. என்றார்கள். மகனுக்கு இல்லை. இந்தியாவில் இந்நோய்த்தொற்று முதன்முதல் அறியப்பட்டதே 1986-இல் நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு உண்மை வெளிவந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து அது எங்கள் தெருவுக்கு வந்தபோது, எங்களில் ஒருவர் வகுப்பறையில் பலமுறை பாடமாகவே சொல்லியிருந்தார்: தொடுவதால் பரவாது, உடன் உண்பதால் பரவாது, ஒரே பாத்திரத்தில் குடிப்பதால் பரவாது என்று.

எங்கள் வீட்டில் வாரந்தோறும் அன்பியக் கூட்டம் நடக்கும். செபமாலை முடிந்ததும் தேநீர். எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாவற்றிலும் திருமணத்தின்போதே பெயர் வெட்டியிருந்தார்கள். அவ்வாண்டு ஒரு நாள், கடையிலிருந்து புதிதாக ஒரு தம்ளர் வாங்கி வந்தோம். அதில் பெயர் வெட்டவில்லை. யார் வாங்கியது, யார் சொல்லி வாங்கியது என்று இன்று எங்களுக்குள் தர்க்கம் செய்து பயனில்லை. இருவரும் சேர்ந்தே செய்தோம். அந்தத் தம்ளர் மேஸ்திரிக்கு. கழுவிய பின் அது தட்டின் கடைசியில், மற்றவற்றைத் தொடாமல் நிற்கும். வேதியியல் படித்த கையும் தமிழ் படித்த கையும் அதை அங்கே வைத்தன. ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. பேசாமலிருந்ததை நாகரிகம் என்று வேறு எண்ணிக்கொண்டோம்.

2004 சனவரியில் அவர் மனைவி இறந்தார். உடலைக் கழுவி உடுத்த முன்வந்தவர்கள் இரண்டே பெண்கள். நாங்கள் மாலையோடு வாசலில் நின்றோம்.

அடுத்த மூன்றாம் மாதம், 2004 ஏப்ரல் முதல் நாள், நடுவண் அரசு எட்டு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாய் வழங்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவமனை அது. (இங்கிலாந்தில் அவர் நடத்திய காசநோய் இல்லத்தில் கணிதமேதை இராமானுஜன் சில காலம் தங்கியிருந்தார்.) காசநோயாளியை ஊர் விலக்கிய காலத்தில் ஊருக்கு வெளியே மரங்களிடையே எழுந்த அந்த இடமே, 1990-களிலிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று. சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு முதலில் மருந்து. மேஸ்திரிக்கு அதைவிடக் குறைவு. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று.

ஸ்டாவுடின் செய்யும் வேலை புரோமின் போலியின் வேலையன்று. அதன் சர்க்கரைப் பகுதியில், அடுத்த எழுத்து வந்து இணைய வேண்டிய இடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி இல்லை. தாம்பரம் பணிமனையில் தொடர்வண்டி கோக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கக் கொக்கி இல்லாத பெட்டி ஒன்றை வரிசையில் சேர்த்துவிட்டால் அதன்பின் எந்தப் பெட்டியையும் மாட்ட இயலாது. எச்.ஐ.வி. நச்சுயிரி நம் செல்லுக்குள் தன் படியை எழுதத் தொடங்குகிறது. போலி எழுத்தை உண்மையென்று கோக்கிறது. அந்த இடத்திலேயே சங்கிலி நின்றுவிடுகிறது. மகளின் குடுவையில் அடையாளம் வைப்பதற்குப் பயன்பட்ட அதே ஏமாற்று, மேஸ்திரியின் உடலில் தடுப்பாக நின்றது.

அது அவர் கைக்கு வந்த வழியும் நேர்வழியன்று. யேல் பல்கலைக்கழகம் ஸ்டாவுடினின் காப்புரிமையைப் பெரிய மருந்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கியிருந்தது; 1994-இல் விற்பனைக்கு வந்தது. 2001-இல், ஆப்பிரிக்காவில் விலை கொடுக்க முடியாமல் மக்கள் மடிவதைக் கண்டு, எல்லைகள் கடந்த மருத்துவர்கள் அமைப்பும் யேல் மாணவர்களும் குரலெழுப்பினார்கள். கண்டுபிடித்த புருசாஃப் அவர்கள் பக்கம் நின்றார். அவ்வாண்டு மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்துவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அதற்கு முந்திய மாதம், இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, மூன்று மருந்தையும் ஆண்டுக்கு ஒருவருக்கு 350 டாலருக்குத் தருவதாக அந்த மருத்துவர் அமைப்பிடம் சொன்னார். மேலை நாடுகளில் அப்போது அது பத்தாயிரம் டாலருக்கும் மேல். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத 1970-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 2005 வரை நடப்பில் இருந்ததால்தான் இங்கே அது இயன்றது.

மேஸ்திரி பிழைத்தார். ஆறு மாதத்தில் எடை கூடிச் சாரம் ஏறினார். ஆனால் நான்கைந்து ஆண்டுகளில் கன்னம் குழிந்தது. உள்ளங்கால் தீயாய் எரிகிறது என்றார். அந்தப் போலி எழுத்து நச்சுயிரியை மட்டும் ஏமாற்றவில்லை. நம் செல்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் படியெடுப்பிலும் ஓரளவு நுழைந்து கெடுத்தது. 2009-இல் உலக நலவாழ்வு அமைப்பு ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அவருக்கு அதை மாற்றி ஸிடோவுடின் கொடுத்தார்கள். அதுவும் தைமிடினின் போலியே.

ஸிடோவுடினின் கதை எங்கள் மகளுக்கே புதிது. நாங்கள் தேடிப் படித்துச் சொன்னோம். 1964-இல் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலார் இரத்தப் புற்றுக்காக அதை ஆக்கினார். எலிகளிடம் அது பயன் தரவில்லை. காப்புரிமைகூடக் கேட்காமல் ஒதுக்கி வைத்துவிட்டார். அதன்பின் அவர் ஆக்கி ஒதுக்கிய மற்றொன்றுதான் ஸ்டாவுடின். இருபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், எச்.ஐ.வி.க்கு எது கேட்கும் என்று பழைய பொருள்களையெல்லாம் எடுத்துச் சோதித்தபோது ஸிடோவுடின் கேட்டது. 1987-இல் அந்நோய்க்கு உலகின் முதல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஹார்விட்ஸுக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை, 2012-இல் இறந்தார்.

இதை மேஸ்திரியிடம் ஒருமுறை சொன்னோம். அவர் பெரிதாக வியக்கவில்லை. "செங்கல்லுல கோணல் வந்ததை ஓரமாப் போட்டு வைப்போம், சார். கடைசி வரியில இடுக்கு அடைக்கும்போது அதுதான் சரியா உட்காரும்" என்றார்.

இப்போது அவருக்கு டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையாக நாளுக்கு ஒன்று. நச்சுயிரி குருதியில் கணக்கிட இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று மையத்தில் சொன்னார்களாம். குழிந்த கன்னம் மட்டும் திரும்ப நிரம்பவில்லை. மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான்.

தம்ளர்? அது எங்கள் தட்டின் கடைசியிலேயே இருந்தது. இருபது ஆண்டுகளில் அச்சம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதை எடுத்து மற்றவற்றோடு கலந்து வைத்தால், அதுவரை பிரித்து வைத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். மகளுக்கு இது எதுவும் தெரியாது. பெரிய வியாழன் இரவு அவள் கைப்பேசிப் படத்தில், ஒன்றுபோல் கிடந்த புள்ளிகளிடையே பழுப்பாய்த் தனித்துத் தெரிந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் கண்முன் நின்றது அந்தத் தட்டுதான்.

உயிர்ப்பு ஞாயிறன்று காலை மேஸ்திரி வாழ்த்துச் சொல்ல வந்தார். நாங்கள் கூடத்தில் இருந்தோம். மகள் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கைக்கு முதலில் கிடைத்த தம்ளர்; எங்கள் பெயர் வெட்டியது. மேஸ்திரி அதை வாங்கவில்லை. திருப்பி அவள் கையிலேயே வைத்துவிட்டு, வெகு இயல்பாக, "இது இல்ல பாப்பா. பேர் வெட்டாத தம்ளர் ஒண்ணு கடைசியில இருக்கும், பாரு. அதுல கொண்டா" என்றார்.

மகள் எங்களைப் பார்த்தாள். "ஏன், மாமா?" என்றாள்.

"அது என்னோடது. ரொம்ப வருஷமா" என்றார் அவர், எங்களுக்கு உதவி செய்கிறவரைப் போல.

அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உரசும் ஓசை கேட்டது. நெடுநேரம் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில், அடுத்து எப்போது தாம்பரம் போகவேண்டும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். வியாழக்கிழமை என்றார் மேஸ்திரி. உடன் வருகிறோம் என்றோம். பேருந்துக்கு எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகள் தட்டில் நான்கு தம்ளர்களோடு வந்தாள். பெயர் வெட்டாததை அவள் தனக்கு எடுத்துக்கொண்டாள்.